ஜிப்சியைத் தூக்கும் முன் ஒரு கணக்கு



எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா மலையடிவாரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்பிரிங் பட்டை வேலை பார்க்கிறார். அங்கே மாருதி ஜிப்சி கொண்டு வருகிறவர்கள் பலரும் கேட்பது ஒன்றுதான்: "வண்டியைக் கொஞ்சம் தூக்கிக் குடுங்கண்ணே, பெரிய டயர் மாட்டணும்." அப்படித் தூக்கினால் என்ன கிடைக்கும், என்ன போகும்? நாம் வகுப்பில் படித்ததை வைத்தே பார்ப்போம்.

1. டயர்

ஜிப்சியின் கம்பெனி டயர் 205/70 ஆர் 15. 205 என்பது அகலம் (மி.மீ.). பக்கச் சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், அதாவது 143.5. மேலும் கீழும் சேர்த்து 287. ரிம் 15 அங்குலம், அதாவது 381. ஆக மொத்த விட்டம் 668 மி.மீ.

பலர் விரும்பும் 235/75 ஆர் 15 டயருக்கு இதே கணக்கில் 733.5 வரும். வித்தியாசம் 65.5. ஆனால் வண்டி உயர்வது அதில் பாதி, சுமார் 33 மி.மீ.தான். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மை வேகம் ஏறக்குறைய 66 ஆக இருக்கும். சக்கரம் தரையில் தரும் இழுவை சுமார் 9 சதவீதம் குறையும். பிரேக் பிடிமானமும் அப்படியே. பெடலை இன்னும் அழுத்த வேண்டும்.

2. ஸ்பிரிங்

ஜிப்சிக்கு முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், லீஃப் ஸ்பிரிங். ஸ்பிரிங்கை உயர்த்தினால் சேஸிஸும் பாடியும்தான் மேலே போகும். பெரிய டயர் உரசாமல் சுற்ற இடம் கிடைக்கும், அவ்வளவே. கல்லில் இடிக்கிற டிஃபரன்ஷியல் ஆக்ஸிலோடு இருப்பதால் இருந்த இடத்திலேயே நிற்கும். அதை உயர்த்துவது டயர்தான்.

செலவு குறைவென்று பழைய கட்டிலேயே பட்டை கூட்டச் சொல்வார்கள். "பட்டை கூட்டினா வண்டி குதிக்கும் தம்பி" என்பார் அப்பா. காரணம் விறைப்பு. பள்ளத்தில் சக்கரம் இறங்காமல் அந்தரத்தில் நிற்கும். சாதாரண டிஃபரன்ஷியலில் அந்தச் சக்கரம்தான் வெறுமனே சுற்றும். தரையில் நிற்பது இழுக்காது. ஆகவே உயரத்துக்கென்றே செய்த ஸ்பிரிங்கும், அதன் நீளத்துக்கு ஏற்ற ஷாக் அப்சார்பரும் சேர்ந்தே வர வேண்டும்.

3. கவிழும் கணக்கு

சக்கர இடைவெளியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கால் வகுத்தால் வருவது நிலைப்பு எண். கணக்குக்காக இடைவெளி 1,300 மி.மீ., மைய உயரம் 650 என்று வைப்போம். எண் 1.00. மையம் 50 மி.மீ. உயர்ந்தால் 0.93. எண் குறையக் குறைய வளைவில் வண்டி சீக்கிரம் சாயும். மலைப்பாதையில் பின் சீட்டில் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். தோற்றத்துக்காக இந்த எண்ணைக் குறைக்கலாமா?

4. சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-ஆம் பிரிவின்படி கம்பெனி குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது.

முதலில் என்ன செய்யலாம்? தேய்ந்த புஷ், ஷாக் அப்சார்பரை மாற்றுங்கள். அதே அளவில் நல்ல பட்டன் உள்ள டயர் போடுங்கள். மணலிலும் சேற்றிலும் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் டயர் அதிக இடத்தில் பதியும். தார் ரோடு ஏறும் முன் மறக்காமல் திரும்ப அடிக்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் வண்டி ஏறவில்லை என்றால் மட்டும் தூக்குவதைப் பற்றி யோசிப்போம். ஸ்பேனரை எடுக்கும் முன் பேனாவை எடுப்போம் நண்பர்களே!