சிட்டை படித்துப் பெட்ரோல் வாங்குவோம்



ஒரு மூட்டை துவரம் பருப்பு வாங்க நாம் என்ன பாடுபடுகிறோம்! சாக்கில் குத்தூசி போட்டுச் சாம்பிள் எடுக்கிறோம். உள்ளங்கையில் கொட்டி ஊதிப் பார்க்கிறோம். எடை போடும்போது தராசின் பக்கத்தை விட்டு நகர்வதில்லை. சிட்டையை இரண்டு முறை படித்த பிறகே பணத்தை எண்ணுகிறோம். அதே நாம், பெட்ரோல் பங்கில் காரை நிறுத்தி, கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி, "இரண்டாயிரத்துக்குப் போடப்பா" என்று சொல்லிவிட்டு வசூல் நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறோம். எரிபொருளும் ஒரு சரக்குதான். அதையும் சரக்காக நினைத்து வாங்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். எங்களிடம் முன்பு ஒரு வெள்ளை நிறப் பெட்ரோல் கார் இருந்தது. அதை விற்றுவிட்டு அதே கம்பெனியின் அதே மாதிரிக் காரை, அதே நிறத்தில், டீசலில் வாங்கினோம். ஓர் ஆடி மாதம், புனலூர்ப் பக்கம் வசூலுக்குப் புறப்பட்ட எங்கள் தம்பி மகன் வழியில் ஒரு பங்கில் நிறுத்தினான். குற்றாலச் சாரலுக்கும், எங்கள் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தித் தோட்டங்களைப் பார்க்கவும் வந்த வண்டிகளால் அன்று பங்கில் பெருங்கூட்டம். இவன் தொகையைச் சொன்னானே தவிர எரிபொருளின் பெயரைச் சொல்லவில்லை. பழைய காரை அறிந்த பையன், பழக்கத்தில் பெட்ரோலைப் போட்டுவிட்டான்.

செங்கோட்டை தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. புளியரை மலை ஏற்றத்தில், வளைவு திரும்பும் இடத்தில் எஞ்சின் தடதடத்து நின்றுவிட்டது. மேலே மழை, பின்னால் மரம் ஏற்றிய லாரிகள். அன்று உயிர்ச்சேதம் ஏற்படாதது தெய்வச் செயல். டேங்கைக் கழற்றிக் கழுவி, பம்பையும் இன்ஜெக்டர்களையும் மாற்றிய வகையில் ஒரு மாத லாபம் போனது. கோபத்தோடு அந்தப் பங்குக்குப் போய்ச் சிட்டையை நீட்டினோம். அதில் "பெட்ரோல்" என்றே தெளிவாக அச்சாகியிருந்தது. பங்குக்காரர் எதுவும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. சட்டைப் பையில் இருந்த அந்தச் சிட்டையை அன்று ஒருமுறை படித்திருந்தால் கார் பங்கை விட்டே கிளம்பியிருக்காது.

1. எந்த எரிபொருள்?

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவையைத் தீப்பொறி பற்ற வைக்கிறது. டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. அழுத்தத்தால் சூடேறிய காற்றிலே டீசல் தானே பற்றிக்கொள்கிறது. அத்தோடு டீசலே அதன் பம்புக்கு மசகு எண்ணெயாகவும் இருக்கிறது. பெட்ரோலுக்கு அந்த வழவழப்பு கிடையாது. ஆகவே டீசல் வண்டியில் பெட்ரோல் போனால் பம்பு உலோகத்தோடு உலோகம் உரசித் தேய்ந்து, அந்தத் துகள் இன்ஜெக்டர்வரை போய்ச் சேரும். பெட்ரோல் வண்டியில் டீசல் போனால் புகை கக்கி நின்றுவிடும். சேதம் பெரும்பாலும் குறைவு, ஆனாலும் டேங்கைக் காலி செய்தே ஆக வேண்டும்.

தவறு நேர்ந்தது பங்கிலேயே தெரிந்துவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். பல கார்களில் சாவியைத் திருகினாலே பம்பு ஓடத் தொடங்கிவிடும். நியூட்ரலில் போட்டுத் தள்ளி ஓரமாக நிறுத்தி, மெக்கானிக்கை அழையுங்கள். டேங்கைக் கழுவும் செலவோடு போய்விடும்.

அடுத்தது எத்தனால். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து, 2025-க்குள் நாடு முழுவதும் பரவிவிட்டது. எத்தனால் கலக்காத பெட்ரோலையும் விற்க உத்தரவிட வேண்டும் என்று தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. எனவே பழைய வண்டி வைத்திருப்போர் இதற்கேற்ப நடந்துகொள்வதே வழி.

ஒரே அளவு பெட்ரோலைவிட எத்தனாலில் வெப்ப ஆற்றல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கென வடிவமைத்து, 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. அதாவது லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடிய வண்டி 14 ஓடும். 10-க்கு வடிவமைத்து 20-க்குச் சரிசெய்தவற்றில் 1 முதல் 2 சதவீதமே குறையும். உங்கள் வண்டி எந்த வகை என்பதை அதன் கையேட்டிலும் டேங்க் மூடியின் உட்புறத்திலும் பாருங்கள். பழைய வண்டியானால் ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் சர்வீஸின்போது சோதிக்கச் சொல்லுங்கள்.

எத்தனால் தண்ணீரை இழுக்கும். அளவுக்கு மேல் நீர் சேர்ந்தால் எத்தனாலும் நீரும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்பு முதலில் உறிஞ்சுவது அதைத்தான். சாரல் காலத்தில் மூடியை இறுக்கி மூடுங்கள். பெட்ரோல் வண்டியைப் பாதி டேங்கோடு மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள்.

95, 100 என்று எண் போட்டு விற்கும் விலை கூடிய பெட்ரோல் பற்றி ஒரு வார்த்தை. அந்த ஆக்டேன் எண், எஞ்சினில் நேரம் தவறிப் பற்றிக்கொண்டு தட்டும் ஓசை வராமல் தாங்கும் திறனைக் காட்டுவது. கையேடு கேட்காத வண்டிக்கு அதைப் போடுவதால் பெரிய லாபம் இல்லை.

2. அளவும் தரமும்

நம் தராசுக்கு முத்திரை வைக்கும் தொழிலாளர் துறையே பங்கின் பம்புக்கும் முத்திரை வைக்கிறது. எனவே கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். முதலில் எண் பூஜ்யத்தில் இருப்பதைப் பாருங்கள். ஆனால் அது மட்டும் போதாது. 2017 ஏப்ரலில் லக்னோ நகரப் பங்குகளில் நடந்த சோதனையில், பம்புக்குள் சில்லு பொருத்தி அளவைக் குறைத்தது பிடிபட்டது. சந்தேகம் வந்தால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். 25 மில்லிக்கு மேல் குறையக் கூடாது.

தரம் பார்க்க வடிதாள் கேளுங்கள். அதில் ஒரு சொட்டுப் பெட்ரோலை விட்டால் இரண்டு நிமிடத்தில் கறையின்றி ஆவியாக வேண்டும். கறை தங்கினால் கலப்படச் சந்தேகம் உண்டு.

சில வீண் நம்பிக்கைகளையும் விட்டுவிடலாம். அதிகாலையில் வாங்கினால் அதிகம் கிடைக்கும் என்பது ஒன்று. பங்கின் டேங்க் மண்ணுக்கடியில் இருப்பதால் காலைக்கும் மாலைக்கும் வெப்பம் அதிகம் மாறுவதில்லை. 35 லிட்டர் டேங்கில் 37 லிட்டர் பிடித்ததாகச் சிட்டை வந்தால் உடனே சண்டைக்குப் போவது இன்னொன்று. கையேட்டில் சொல்லும் கொள்ளளவுக்கு மேலேயும், பெட்ரோல் விரிவதற்காக டேங்கிலும் கழுத்திலும் இடம் விட்டிருப்பார்கள். அந்த இடத்தை நிரப்பக் கூடாது. குழாய் தானே நின்றதும் போதும் என்று சொல்லிவிட வேண்டும்.

3. நிரப்பும்போது

பெட்ரோல் உறைகுளிரிலும் ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு படர்ந்து தீயைத் தேடிப் போகும். ஆகவே எஞ்சினை அணையுங்கள். பீடி, சிகரெட், தீப்பெட்டி வேண்டாம். காரின் இருக்கையில் உரசி இறங்கும்போது உடலில் மின்னேற்றம் சேரும். டேங்க் மூடியைத் தொடும் முன் கதவின் இரும்பைத் தொடுங்கள். கைபேசியில் பணம் செலுத்துவதை, மூடி போட்டு வண்டியை நகர்த்திய பிறகு வைத்துக்கொள்ளலாம். சி.என்.ஜி. வண்டியானால் எல்லோரும் இறங்கித் தள்ளி நிற்க வேண்டும். அந்த வாயு ஏறத்தாழ 200 மடங்கு காற்றழுத்தத்தில் நிரப்பப்படுகிறது.

4. கடையில் வைக்கலாமா?

மின்வெட்டுக்கு ஜெனரேட்டர் வைத்திருக்கும் கடைகளில் பிளாஸ்டிக் கேனில் பெட்ரோல் இருப்பதைப் பார்க்கிறோம். அதே கடையில் சாமி படத்துக்கு முன் விளக்கும் ஊதுபத்தியும் எரிகின்றன. 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கல்லாமல் உரிமமின்றி வைத்திருக்கக்கூடிய பெட்ரோல் மொத்தம் 30 லிட்டர்தான். அதுவும் கண்ணாடி, பீங்கான் கலமானால் ஒன்று 1 லிட்டருக்கு மிகாமலும், உலோகக் கலமானால் 25 லிட்டருக்கு மிகாமலும், இறுக மூடியதாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் அந்தப் பட்டியலில் இல்லை. கூடுமானவரை கடைக்குள்ளும் குடோனுக்குள்ளும் பெட்ரோல் வேண்டவே வேண்டாம். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். பெட்ரோல் தண்ணீர் மேல் மிதந்து தீயைப் பரப்பும். மணலும் உலர்தூள் தீயணைப்பானும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

முடிவாக, அன்பர்களே, நாங்கள் இப்போது எங்கள் கார் டேங்க் மூடியின் உட்புறத்தில் "டீசல்" என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறோம். யார் ஓட்டிப் போனாலும் முதலில் எரிபொருளின் பெயர், பிறகு தொகை. சிட்டையைப் படித்த பிறகே சாவி. நம் பிள்ளைகளுக்கும் ஓட்டுநர்களுக்கும் இதைச் சொல்லிப் பழக்குவோம். மலைவழியில் போகிறவர்கள் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும்.