மோட்டார் எரிந்தது, வட்டி வேண்டுமா?

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வானம் பார்த்த பூமி. கோடையில் வீட்டுத் தண்ணீர் மோட்டார் எரிந்துவிட்டால் ஒரு நாளும் பொறுக்க முடியாது. உடனே வீட்டுக்காரியின் நகை வட்டிக்கு அடகு போகிறது. இதற்கு மார்க்கம் காட்டும் வழியை நாம் அறிந்துகொள்வோம்.

முதலாவது, அழகிய கடன். உறவினரிடமோ, ஜமாஅத்தில் பைத்துல்மால் இருந்தால் அங்கேயோ வட்டியின்றிக் கேட்கலாம், அதில் வெட்கமில்லை. தொகையையும் தவணையையும் எழுதிக்கொள்ளுமாறு சூரத்துல் பகராவின் 282-ஆம் வசனம் ஏவுகிறது. வாங்கியவர் சிரமப்பட்டால் அவகாசம் கொடுக்கச் சொல்கிறது 280-ஆம் வசனம்.

இரண்டாவது, தவணைக் கொள்முதல். ரொக்கத்துக்கு ரூ. 10,000, தவணைக்கு ரூ. 11,000 என்கிறார் கடைக்காரர். இது வட்டியா? அல்ல. இரண்டில் ஒரு விலையை முடிவு செய்துகொண்டு வாங்கினால் ஹனபி, ஷாபிஈ இரு மத்ஹபிலும் ஆகும். 1990-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகாடமியின் தீர்மானமும் இதுவே. ஆனால் தவணை தவறியதற்காக விலைக்கு மேல் கூட்டி வாங்குவது வட்டியே. கடைக்குப் பணம் கட்டிவிட்டு, நம்மிடம் கூடுதலாக வசூலிக்கும் நிதி நிறுவனம் பொருளை விற்கவில்லை. பணத்தைக் கடன் கொடுத்து வட்டி வாங்குகிறது. கையெழுத்திடுமுன் இவ்விரண்டையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அல்லாஹ் நம் இல்லங்களை வட்டியை விட்டும் காப்பானாக! ஆமீன்.