ஏ.எல். எழுதி முடித்த தங்கச்சிக்கு: மெடிசின் கனவும் கையில் இருக்கும் மாதங்களும்

பரீட்சை மண்டபத்தை விட்டு வந்த கையோடு நம்ம பக்கத்துத் தங்கச்சிமார் என்னிடம் கேட்பது இதுதான்: "அக்கா, வெளிநாட்டுல மெடிசின் படிக்கப் போறவங்க முன்கூட்டியே ஆஸ்பத்திரியில தொண்டு வேலை செஞ்சிருக்கணுமாமே. நாங்க செஞ்சா எங்களுக்கும் உதவுமா?"

அனுமதிக்கு உதவாது. இங்கிலாந்தில் ஒரு பிள்ளை மெடிசினுக்கு விண்ணப்பித்தால், நோயாளிகளோடு எங்கே பழகினாய், அதில் என்ன விளங்கிக்கொண்டாய் என்று நேர்முகத்தில் கேட்பார்கள். இங்கே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு மருத்துவ பீடங்களுக்கு ஆள் எடுப்பது ஏ.எல். பெறுபேற்றை வைத்துத்தான். 2001 முதல் இசட் புள்ளிதான் கணக்கு. 40 வீதம் அகில இலங்கைத் தரவரிசை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட மாவட்டங்களுக்கு. இரத்தினபுரியும் நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கேகாலை இல்லை. கித்துல்கலையைத் தாண்டிக் கினிகத்தேனைக்குப் போய்விட்டால் அது நுவரெலியா மாவட்டம். அங்கே லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கும் கேகாலை மாவட்டத்து யட்டியாந்தோட்டை லயத்தில் வளர்ந்த உனக்கும் வாழ்க்கையில் பெரிய வித்தியாசம் கிடையாது, வெட்டுப்புள்ளி மட்டும் வேறு. எனக்கு இது நியாயமாகப் படவே இல்லை. ஆனாலும் உன் பெறுபேற்றைக் கணக்கெடுக்கப் போவது இந்தச் சட்டத்துக்குள்தான். பயோ படிக்கக் கண்டிக்கோ கொழும்புக்கோ போக நினைக்கிறவள், எந்த மாவட்டக் கணக்கில் சேர்வாள் என்பதை ஆணைக்குழுவின் கைநூலில் பார்த்துவிட்டுப் பாடசாலை மாற வேண்டும்.

அதனால் இன்னும் பரீட்சை எழுதாத தங்கச்சிக்கு என் முதல் பேச்சு: பரீட்சைக்கு முன்னால் தொண்டு என்று அலையாதே. ஏ.எல். எழுதக் கிடைப்பது மூன்று தடவைதான். பாடசாலையில் முதலுதவி வகுப்பு நடந்தால் போ, அதோடு நிறுத்திக்கொள். மிச்ச நேரமெல்லாம் கெமிஸ்ட்ரிக்கும் பிசிக்ஸுக்கும்.

பரீட்சை முடிந்த பிறகுதான் உனக்கு நேரம் வருகிறது. பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, மருத்துவ பீடத்துக்குள் கால் வைப்பதற்குள் ஒரு வருடத்துக்கு மேலேயே போய்விடும். நம் வீடுகளில் அந்தக் காலம் சமையலிலும் டிவியிலும் கழிகிறது, இல்லாவிட்டால் கொழும்பில் ஒரு துணிக்கடையில். அந்த மாதங்களில் நீ நோயாளிக்குப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது சான்றிதழுக்காக இல்லை. ஐந்து வருடப் படிப்பு, அதற்கு மேல் ஒரு வருட உள்ளகப் பயிற்சி, அதன் பிறகு ஆயுள் முழுக்க இரவும் பகலும் பார்க்கப் போகிற வேலை. ரத்தமும் வாந்தியும் அழுகையும் கோபமும் உள்ள ஓர் இடத்தில் நின்றுகொண்டு, எதிரே இருப்பவரின் பேச்சைப் பொறுமையாகக் கேட்க முடிகிறதா என்று பீடத்துக்குள் போவதற்கு முன்பே தெரிந்துகொண்டால் நல்லது.

எங்கே தொடங்குவது? பெரியாஸ்பத்திரி வாசலில் அல்ல. உன் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் தொடங்கு. மாதத்தில் ஒருநாள் பிள்ளைகளுக்கு நிறை பார்ப்பார்கள். அன்றைக்குப் போய் அங்கே பொறுப்பாக இருக்கும் மிஸ்ஸிடம், "பெயர் பதிய, வரிசை பார்க்க நான் உதவி செய்யட்டுமா" என்று கேள். யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், ஆள் பற்றாக்குறை அப்படி. தராசில் தொங்கும் பிள்ளை காலை உதைத்துக்கொண்டே இருக்கும். முள் ஆடி அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு வாசித்தால் இருநூறு முந்நூறு கிராம் பிசகிவிடும், அந்தப் பிசகு பிள்ளையின் அட்டையில் ஏறிவிடும். அட்டையில் நிறத்துக்கு நிறம் பட்டைகள் இருக்கும். போன மாதப் புள்ளியையும் இந்த மாதப் புள்ளியையும் கோடு போட்டு இணைத்துப் பார். கோடு மேலே ஏறினால் தாய் சிரிப்பாள். படுத்துவிட்டால் உன் முகத்தைத்தான் பார்ப்பாள். அந்த நேரத்தில் "பிள்ளைக்கு ஒழுங்காச் சாப்பாடு குடுக்கிறதில்லையா" என்று கேட்டுவிடாதே. விடிய முன்னம் இறப்பர்ப் பால் வெட்டப் போகிறவள் அவள். வீட்டில் என்ன சமைத்தாள், பகலில் யார் ஊட்டினார்கள், பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்ததா என்று மெதுவாகக் கேட்டு, அவள் சொல்வதை மிட்வைஃப் மிஸ்ஸிடம் எடுத்துச் சொல். 2016இல் நாடு முழுக்க எடுத்த கணக்கில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 17.3 வீதம். தோட்டப் பகுதியில் மட்டும் பார்த்தால் 31.7 வீதம். பீடத்தில் இதை ஒரு அட்டவணையாகக் காட்டுவார்கள். நீ அந்தப் பிள்ளைகளின் பெயரையும் தெரிந்துகொண்டு போ.

அதற்கடுத்தது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. எம்.ஓ.எச். ஒபிஸ் என்றால் எல்லாருக்கும் தெரியும். வெறுங்கையோடு போகாதே. அதிபரிடம் ஒரு கடிதம், கிராம சேவகரிடம் ஒரு கடிதம், உன் கையால் எழுதிய ஒரு பக்கம்: நான் யார், ஏ.எல். எந்த வருடம் எழுதினேன், கிழமையில் எந்தெந்த நாள் வர முடியும். சிங்களத்தில் எழுதத் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரிடம் எழுதி வாங்கு. "எதுவானாலும் செய்வேன்" என்று எழுதாதே. கிளினிக்கில் நம்பர் கொடுப்பேன், தமிழ் ஆட்களுக்கு மொழிபெயர்ப்பேன், டெங்கு பரிசோதனைக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு வீடு வீடாக வருவேன் என்று திட்டமாக எழுது. வார்டுக்குள் நின்று பார்க்க ஆசையா? கரவனல்லை ஆதார வைத்தியசாலையோ கேகாலைப் பெரியாஸ்பத்திரியோ, பொறுப்பதிகாரியின் எழுத்து அனுமதி இல்லாமல் உள்ளே போகாதே. தெரிந்த நேர்ஸ் அக்கா கூட்டிக்கொண்டு போவாள் என்று போனால் பிறகு அவளுக்குத்தான் பிரச்சினை.

மொழிபெயர்ப்பு என்றேன். நம்ம பக்கத்துப் பிள்ளையால் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான் என்பது என் எண்ணம். கிளினிக்கில் டொக்டரும் நேர்ஸும் சிங்களம், வந்திருக்கும் ஆச்சி தமிழ். ஆச்சி எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். மருந்து உறையில் எழுதியிருப்பது அவருக்கு விளங்காது. வீட்டில் போய்ப் பார், பழைய பிஸ்கட் டின் ஒன்றில் போன மாதத்து சீனி வருத்தக் குளிசையும் அதற்கு முந்தின மாதத்து பிரஷர் குளிசையும் ஒன்றாகக் கிடக்கும். தலை சுற்றினால் ஒன்று, சுற்றாவிட்டால் இல்லை என்று போட்டுக்கொள்வார். நீ பக்கத்தில் நின்று, டொக்டர் சொன்னதைத் தமிழில் சொல்லி, ஆச்சியைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேள். காலையில் எத்தனை, இரவில் எத்தனை, சாப்பாட்டுக்கு முன்னமா பின்னமா. அவர் வாயால் சரியாக வந்தால்தான் விளங்கியிருக்கிறது. ஆச்சி சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே டொக்டரிடம் சொல். உனக்கு முக்கியமில்லை என்று படுவதை விட்டுவிட்டால், டொக்டருக்குத் தேவையானது அதில் போய்விடலாம். இதற்கு நல்ல சிங்களம் வேண்டும். பரீட்சை முடிந்ததும் இங்கிலிஷ் வகுப்புக்குக் காசு கட்டுகிறோம், அது வேண்டியதுதான், பீடத்தில் படிப்பு முழுக்க இங்கிலிஷ். ஆனால் சப்ரகமுவ வார்டில் நோயாளிக்கும் டொக்டருக்கும் இடையில் நிற்கப் போகிறவளுக்குச் சிங்களமும் அதே அளவு வேண்டும்.

முதலுதவி கட்டாயம் படி. செஞ்சிலுவைச் சங்கமும் சென்ட் ஜோன் அம்புலன்ஸும் சொல்லிக் கொடுக்கின்றன. தேயிலை மலையில் குளவி கொட்டுவதும் இறப்பர் காட்டில் பாம்பு கடிப்பதும் நமக்குப் புதிதில்லை. குளவி கொட்டியவருக்கு மூச்சு இழுக்கிறதா, முகம் வீங்குகிறதா என்று பார்க்கத் தெரிந்த ஒருத்தி மலையில் இருந்தால் அது ஓர் உயிர். பாம்பு கடித்த இடத்தைக் கீறவோ கயிற்றால் இறுக்கவோ விடாமல், காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தெரிந்தால் அது இன்னொன்று. 1990 என்ற இலவச அம்புலன்ஸ் நம்பரை லயத்துக்கு லயம் எழுதி ஒட்டு. கூப்பிடும்போது எந்த டிவிசன், எந்தச் சந்தியிலிருந்து ஏற வேண்டும் என்று சிங்களத்தில் சொல்லவும் பழக்கிவை. டிசம்பர் முதல் மே வரை சிவனொளிபாதமலைப் பருவம். முதலுதவிக் கூடங்களுக்குத் தொண்டர்கள் தேவைப்படுகிற காலம் அது, பயிற்சி முடித்தவர்கள் பெயர் கொடுக்கலாம்.

செஞ்சிலுவை இந்த நாட்டில் 1936இல் தொடங்கியதற்கே காரணம் 1934-35 மலேரியாக் கொள்ளைநோய்தான். ஏறத்தாழ 80,000 பேர் செத்துப்போனார்கள். மிக மோசமாக அடிபட்டது நம்ம கேகாலை மாவட்டம். அப்போது சூரியமல் என்ற காலனித்துவ எதிர்ப்பு இயக்கத்து இளைஞர்கள் தொண்டர்களாகக் கிராமங்களுக்கு வந்தார்கள். அவர்களில் டொக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்க வைத்தியர். என்.எம். பெரேரா வைத்தியரே இல்லை, பொருளியல் படித்தவர். அவரும் இந்தப் பக்கத்தில் நின்று வேலை செய்தார். சனம் நோயைத் தாங்க முடியாமல் சாவது பட்டினியாலும்தான் என்று கண்டு, மார்மைட்டை உருண்டையாக்கிக் கொடுத்தார்கள். 1936இல் ருவன்வெல்லைத் தொகுதி என்.எம். பெரேராவை அரசாங்க சபைக்கு அனுப்பியது, பிற்காலத்தில் யட்டியாந்தோட்டையின் எம்.பி.யாகவும் இருந்தார். மருந்து தெரியாதவர்கள் அன்றைக்குச் செய்த வேலையை யோசித்துப் பார்: யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று பார்த்தார்கள். ஏ.எல். முடித்த உன்னாலும் அது முடியும். அந்த மலேரியாவும் ஒழிந்தது: 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது.

அதே 2016 மே மாதம் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் மண் சரிந்து நம்ம ஆட்கள் செத்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. மழைக்காலத்தில் முகாம் போட்டால் சோற்றுப் பார்சல் கொடுக்க நிறைய கை வரும். நீ ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார். யார் சீனி வருத்தக்காரர், யார் பிரஷர் குளிசையை வீட்டில் விட்டு ஓடிவந்தார், யார் கர்ப்பிணி, எத்தனை மாதம், எந்தப் பிள்ளைக்கு இழுப்பு. எம்.ஓ.எச். வந்து இறங்கும்போது அந்தப் பட்டியல் கையில் இருந்தால் முதல் மணித்தியாலமே பிரயோசனமாகிவிடும். தண்ணீர் வடிந்த பிறகு காய்ச்சல் என்று யாராவது சொன்னால், பனடோல் போட்டுப் படுக்க விடாதே. எலிக்காய்ச்சல் இரத்தினபுரியிலும் கேகாலையிலும் அடிக்கடி காணும் நோய். ஆஸ்பத்திரிக்கு அனுப்பு.

காசில்லாத வீட்டுப் பிள்ளை சும்மா தொண்டு செய்து எப்படிக் கட்டுப்படியாகும் என்று கேட்பாய். சரியான கேள்வி. யட்டியாந்தோட்டை டவுனிலோ அவிசாவளையிலோ பார்மசியில், செனல் சென்டரில், லேப்பில் நம்பர் எழுதும் வேலை கிடைத்தால் எடு. சம்பளமும் வரும், குளிசைப் பெயர்களும் பழகும், கோபமான நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்றும் தெரியும். கிழமையில் ஒருநாளை மட்டும் பிள்ளைக் காம்பராவுக்கோ கிளினிக்குக்கோ ஒதுக்கு. 1947இல் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் ஏ.எல். பிள்ளைகளுக்கும் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கும் புலமைப்பரிசில் தருகிறது. இந்திய உயர்ஸ்தானிகராலயம் அதற்கு விண்ணப்பம் கோருவதைப் பத்திரிகையில் கவனித்து வைத்துக்கொள்.

இனி கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டும். கிளினிக்கில் கேட்டது கிளினிக்கோடு. லயத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கும். யாருக்கு என்ன வருத்தம், எந்தப் பிள்ளை எத்தனை மாதம் என்று உன் வாயிலிருந்து ஒரு சொல் போனால், அடுத்த மாதம் அந்த வீட்டுப் பெண் கிளினிக்குக்கே வர மாட்டாள். அம்மாவிடமும் சொல்லாதே. போனை எடுத்து நோயாளியைப் படம் பிடிக்காதே, தொண்டு செய்கிறேன் என்று ஃபேஸ்புக்கில் போடவும் வேண்டாம். யார் கேட்டாலும், "நீதான் டொக்டராகப் போறவளாச்சே" என்று எவ்வளவு கெஞ்சினாலும், எந்தக் குளிசையைக் கூட்டவும் குறைக்கவும் சொல்லாதே. ஊசியைத் தொடாதே. உன்னை ஒருவர் தனியாக அழைத்தால், இரவில் நிற்கச் சொன்னால், மனசுக்குச் சரியில்லை என்று பட்டால் அன்றைக்கே விட்டுவிட்டு வா. வீட்டில் வந்து சொல்.

அப்பா அனுப்ப மாட்டார் என்கிறவர்கள் முதல் நாள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். மிட்வைஃப் மிஸ்ஸோடு பேசிவிட்டு வந்தால் அம்மாவே வீட்டில் உங்களுக்காகப் பேசுவார்.

கடைசியாக வெட்டுப்புள்ளி. கேகாலை மாவட்டத்தில் சில தசமத்தில் மெடிசின் தவறிப்போன கெட்டிக்காரப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். திரும்ப எழுதலாம். அதே பயோ பெறுபேற்றில் தாதியியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், மருந்தகவியல், இயன்மருத்துவம், கதிர்ப்படவியல் என்று பட்டப்படிப்புகளும் இருக்கின்றன. யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் சித்த வைத்தியம் இருக்கிறது. "டொக்டருக்குக் கிடைக்காததால் இது" என்று ஊர் பேசும். ஊருக்கு இந்த வேலைகள் என்னவென்றே தெரியாது. நீ அந்த மாதங்களில் பக்கத்தில் நின்று பார்த்திருப்பாய். அதனால் பெறுபேறு வரும் வரை காத்திருக்காமல், கிளினிக்குக்குப் போகிற காலத்திலேயே லேப் மிஸ்ஸிடமும் பிசியோ சேரிடமும் எங்கே படித்தார்கள், எத்தனை வருடம், முதல் நியமனம் எங்கே கிடைத்தது என்று கேட்டுக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வை. ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் பாடநெறிகளை வரிசைப்படுத்தும் நாட்களில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிரப்பு.