பந்து புறப்படும் நொடி

ஆட்டத்தில் வேகமுள்ளவரே முந்துவார் என்பர் பலர். நொடியை அறிந்தவர் அவரையும் முந்துவார் என்பதே என் கருத்து.

கோலார் தங்கவயலில், பாலகாட்டில் வளர்ந்தவன் நான்; ஹாக்கி எங்கள் ஆட்டம். அதன் பெனால்டி கார்னரைப் பாருங்கள். ஒருவர் கடைக்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளுவார், வட்டத்துக்கு வெளியே ஒருவர் நிறுத்துவார், மற்றொருவர் அடிப்பார். கோலைக் காப்போர் பந்து புறப்படும்வரை கோட்டைத் தாண்டலாகாது.

அமெரிக்கக் கால்பந்திலும் இதே கணக்குத்தான். சென்டர் என்பவர் குனிந்து, தம் கால்களுக்கிடையே பந்தைப் பின்னே தருவார், குவார்ட்டர்பேக் வாங்குவார். எத்தனையாவது குரலுக்குப் பந்து வரும் என்பதை அணியினர் முன்பே கூடி முடிவு செய்வர். எதிரணிக்கோ பந்து அசைந்த பின்னரே தெரியும். அந்த இமைப்பொழுதே ஆதாயம். கூச்சலில் குரல் கேளாவிடில், குவார்ட்டர்பேக் காலைத் தூக்கிக் குறிப்புக் காட்டுவார்.

ஏமாற்றுக்கு இரண்டிலும் இடமில்லை. அங்கே சென்டர் பந்தைத் தருவதுபோல் வெட்டி அசைந்தால் 5 கஜம் தண்டம். இங்கே தள்ளுபவர் பொய்யாகத் தள்ளிக் காட்டினால் நடுக்கோட்டுக்கு அப்பால் போகவேண்டும். வேறொருவர் வந்து தள்ளுவார்.

வள்ளுவர் காலமறிதலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். மைதானத்தில் காலத்தை ஒருவர் அறிந்தால் போதாது. தருபவரும் பெறுபவரும் ஒன்றாக அறியவேண்டும். ஆகவே நண்பர்களே, பயிற்சியில் அடிப்பவரை மட்டும் பழக்காதீர்கள். தள்ளுபவரையும் நிறுத்துபவரையும் அவரோடு சேர்த்தே பழக்குங்கள்.