நாயோடு செஞ்சிக்கு வருகிறீர்களா? டீக்கடை பெஞ்சிலிருந்து சில குறிப்புகள்

சென்னையில் நாயையும் கூட்டிக்கொண்டு போய்க் காபி குடிக்கக் கஃபேக்கள் வந்துவிட்டன. எங்கள் செஞ்சியில் அந்த வேலையைச் சாலையோர டீக்கடையே பார்த்துக்கொள்கிறது. ஒரு பெஞ்ச், கொதிக்கிற பாய்லர், புளியமர நிழல், எதிரே மலை. இரண்டு பிள்ளைகள், மாமியார், மணி என்கிற எங்கள் நாட்டு நாய் சகிதமாகப் பல ஞாயிற்றுக்கிழமைகள் அங்கே உட்கார்ந்து கற்றுக்கொண்டவை இவை.

1. முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: நாயைச் செஞ்சிக் கோட்டைக்குள் கொண்டுபோக முடியாது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்குள் விலங்குகளைக் கொண்டுவரக் கூடாது என்பது 1959ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. வாசலில் நின்று காவலாளியிடம் கெஞ்சிப் பயனில்லை. அதனால் வீட்டிலேயே இரண்டு அணியாகப் பிரிந்துவிடுங்கள். ஒரு அணி ராஜகிரி மலை ஏறட்டும், மற்றது நாயோடு கீழே இருக்கட்டும். சுமார் 800 அடி உயரம். ஏறி இறங்க அரை நாள் போய்விடும். அவர்கள் வந்ததும் அடுத்த அணி அடிவாரத்துக் கல்யாண மகால், நெற்களஞ்சியம், யானைக்குளம் வரைக்கும் போய் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம். முட்டி வலிக்காரர்களுக்கு இந்த இரண்டாம் அணிதான் சரி. 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது.

2. கோட்டை திறக்கிற நேரத்துக்கே வந்துவிடுங்கள். செஞ்சி பாறை வெயிலை வாங்கிவைத்துக்கொண்டு திருப்பித் தருகிற ஊர். நாயை இறக்கிவிடும் முன் உங்கள் புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்து ஏழு வரை எண்ணுங்கள். உங்களால் முடியவில்லையென்றால் அதன் பாதத்துக்கும் முடியாது. சித்திரை வைகாசியில் நாயை வீட்டில் விட்டுவிட்டு வருவதே நல்லது.

3. 'கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டிருக்கிறேனே' என்று நாயைக் காருக்குள் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். நிறுத்திய காருக்குள் சில நிமிடங்களிலேயே சூடு ஏறிவிடும். நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்த்துத் தணிகிற வசதி நாய்க்கு இல்லை. மூச்சிரைத்துத்தான் சூட்டை ஆற்றிக்கொள்ள வேண்டும்.

4. சங்கிலியை மரத்தில் கட்டுங்கள். ஸ்டூலிலோ பிளாஸ்டிக் நாற்காலியிலோ கட்டாதீர்கள். ஒரு தரம் நான் சோம்பல்பட்டு நாற்காலிக் காலில் மாட்டிவிட்டேன். எதிரே ஒரு குரங்கு இறங்கியது. மணி பாய்ந்தான், நாற்காலியும் பின்னாலேயே போனது. தன்னைத் துரத்துவது நாற்காலி என்று புரியாமல் அவன் மிரண்டு திருவண்ணாமலை சாலை வரைக்கும் ஓடிவிட்டான். பஸ்காரர் பிரேக் போட்டதால் தப்பித்தோம். மூன்று டீக்கும் உடைந்த மூன்று கிளாசுக்கும் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

5. உட்காரும் முன் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். "அண்ணே, நாய் இருக்கு, ஓரமா உட்காரலாமா?" போதும். நாய்க்குப் பயப்படுகிறவர்கள் இருப்பார்கள். தொழுகைக்குப் போகிற வழியில் டீ குடிக்க நிற்பவர் உடுப்பில் நாயின் எச்சில் பட்டால் அவர் அதைக் கழுவிவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும். பாய்லர் பக்கத்திலிருந்து நான்கு முழம் தள்ளியே இருங்கள்.

6. ஒவ்வொரு டீக்கடைக்கும் சொந்தமாக ஒரு தெருநாய் உண்டு. அது அந்த இடத்தின் முதலாளி. உங்கள் நாயை நேராக அதன் முகத்துக்கு முன்னால் கொண்டுபோகாமல், கொஞ்சம் வளைத்துச் சுற்றிக் கூட்டிப்போங்கள். இரண்டுக்கும் நடுவில் தீனி வைத்தால் சண்டை நிச்சயம். போகும்போது ஒரு பொறையை அதற்குப் போட்டுவிட்டு வந்தால் அடுத்த வாரம் உங்களை ஞாபகம் வைத்திருக்கும்.

7. தண்ணீர்க் கிண்ணம் மறந்துவிட்டதா? இளநீர் குடித்ததும் காயை இரண்டாக வெட்டித் தரச் சொல்லுங்கள். வழுக்கையைப் பிள்ளைகள் தின்னட்டும். மூடி இரண்டும் நாய்க்குத் தண்ணீர்த் தொட்டி. ஆடினாலும் சுலபத்தில் கவிழாது. கடையின் டீ கிளாசிலோ தட்டிலோ நாய்க்கு ஊற்றாதீர்கள்.

8. பிள்ளைகள்தான் கைநீட்டி எதையாவது ஊட்டுவார்கள், அவர்களுக்குச் சொல்லிவையுங்கள். டீ, காபி கூடாது. சாக்லேட் நாய்க்கு விஷம். உலர்திராட்சை போட்ட பன், கேசரி எதுவும் வேண்டாம். திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயம் ரத்த சிவப்பணுக்களை உடைக்கும் என்பதால் வெங்காய பஜ்ஜியும் போண்டாவும் கிடையாது. அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, எங்கள் பக்கத்து விசேஷம். உப்பு போட்டு அவிப்பதால் அதை நீங்களே சாப்பிடுங்கள். தோலைக் கீழே போட்டால் நாய் பொறுக்கும், காகிதத்தில் சேர்த்துவையுங்கள். சீத்தாப்பழக் கொட்டையும் அப்படியே. அரைத்துப் பேனுக்குத் தேய்க்கிற பொருள் அது, நாய் கடித்து விழுங்கினால் ஆபத்து. ஒரு பொறையோ சாதா பிஸ்கட் இரண்டோ போதும்.

9. குரங்குக்கு பிளாஸ்டிக் பையின் சலசலப்பு கேட்டாலே போதும். மலையேறுகிறவர்கள் தின்பண்டத்தைத் துணிப்பையில், உள்ளே அடக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். பல்லைக் காட்டிச் சிரித்தால் அது மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளும். பையைப் பிடுங்கினால் விட்டுவிடுங்கள், இழுபறி வேண்டாம்.

10. நாயோ குரங்கோ கடித்தாலும், நகம் கீறி ரத்தம் கசிந்தாலும் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். பிறகு நேராக அரசு மருத்துவமனை. அங்கே தடுப்பூசி இலவசம். தோலுக்குள்ளேயே போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28ஆம் நாட்கள் என்று தேதி சொல்வார்கள். காயம் ஆறிவிட்டது என்று நடுவில் நிறுத்தக் கூடாது. உங்கள் நாய்க்கு வருடாவருடம் போட்ட ஊசியின் அட்டையைக் காரிலேயே வைத்திருங்கள்.

11. பழைய தினசரி நான்கு தாள், பையில் எப்போதும் இருக்கட்டும். நாய் குனிந்து வட்டமடிக்கும்போதே ஒன்றைக் கீழே தள்ளிவிட்டால் அள்ளும் வேலை மிச்சம்.

12. கூட்டம் பிடிக்காதவர்கள் வார நாளில் வாருங்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் கோட்டைகள் 12 சேர்ந்தன. மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். 1677இல் சிவாஜி பிடித்த கோட்டையைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வண்டிகள் வருகின்றன, ஞாயிறன்று பெஞ்சில் இடம் கிடைப்பதில்லை.

13. வீடு திரும்பியதும் காது மடல், விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், கையால் நசுக்கவும் வேண்டாம். கார் சீட்டில் ஒட்டிய ரோமத்துக்கு, பாத்திரம் தேய்க்கிற ரப்பர் கையுறையை லேசாக நனைத்து ஒரே பக்கமாகத் தேய்த்தால் உருண்டையாகத் திரண்டு வரும். வாடைக்கு ஆப்பசோடாவைத் தூவி ஒரு மணி நேரம் விட்டுத் தட்டிவிடுங்கள்.

14. நாயோடு கீழே உட்காருகிறவருக்கு மாற்று ஆள் வேண்டும் என்று முதலில் சொன்னேன். எங்கள் வீட்டில் மாமியார் இப்போது மாற்றுக்கு இடம் கொடுப்பதில்லை. வெற்றிலைப் பெட்டியும் விசிறியுமாக பெஞ்சில் உட்கார்ந்தால், இரண்டு டீக்குள் ஊர்க்கதை முழுவதும் வந்து சேர்ந்துவிடுகிறது. அப்படி ஒருவர் உங்கள் வீட்டிலும் இருந்தால், அவர் கையில் சங்கிலியோடு சில்லறைக் காசும் கொடுத்துவிட்டு ஏறுங்கள்.