கோதுமைப் பயிர் புகட்டும் பாடம்

படக்கதை என்றதும் சிரிப்பும் வேடிக்கையுமே நம் நினைவுக்கு வரும். ஜப்பானியரின் படக்கதைகளுக்கு ‘மங்கா’ என்று பெயர். அவற்றுள் நம்மை அழவைத்துச் சிந்திக்கவும் வைக்கும் ஒன்று ‘வெறுங்கால் கென்’.

இதனை எழுதி வரைந்தவர் கெய்ஜி நகஸாவா. 1945 ஆகஸ்டு 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அவருக்கு வயது ஆறு. பள்ளி வாயிலில் நின்ற அவரைச் சுவர் ஒன்று காத்தது. தந்தையும் அக்காளும் தம்பியும் மாண்டனர். 1966-இல் தாயும் இறந்தார். தகனம் செய்த சாம்பலில் எலும்புகூட மிஞ்சவில்லை. அணுகுண்டு அன்னையின் எலும்பையும் பறித்துக்கொண்டதே என்று மகன் மனம் கொதித்தார். அக்கொடுமையை வரையத் துணிந்தார்.

1973-இல் சிறுவர் வார இதழில் கென்னின் கதை தொடங்கிற்று. மிதிபட்டாலும் நிமிர்ந்து வளரும் கோதுமைப் பயிர்போல் வாழும்படி கென்னுக்கு அவன் தந்தை கூறுகிறார்.

1976-இல் நடிகர்கள் நடித்த திரைப்படமாகவும், 1983-இல் மோரி மஸாக்கியின் இயக்கத்தில் சித்திரப் படமாகவும் இக்கதை வெளிவந்தது. ஏட்டில் அசையாதிருந்த தீ, திரையில் நிறத்தோடும் ஒலியோடும் எழுகிறது. எனினும், பத்துத் தொகுதிகளின் துயரம் ஒன்றரை மணி நேரத்துக்குள் அடங்குமோ? ஏட்டில் நாம் விரும்பிய பக்கத்தில் நின்று சிந்திக்கலாம்.

2023-இல் ஹிரோஷிமா நகரக் கல்வித்துறை தன் அமைதிப் பாடநூலிலிருந்து இக்கதையை நீக்கியது. சிறு பகுதியைக் கொண்டு உண்மையை உணர்த்துவது அரிது என்று காரணம் கூறப்பட்டது. அப்படியாயின் முழுவதையும் படிப்பதன்றோ முறை? ஆறு வயதுப் பாலகன் கண்ணால் கண்டதை, பதினைந்து வயதினராகிய நாம் படிக்கவும் அஞ்சலாமா? படிப்போம், போரை வெறுப்போம், அமைதியை வளர்ப்போமாக!