சாய்ந்தமர்ந்து ஓட்டும் சைக்கிளும் அதன் நிலைப்பும்

முதுகைச் சாய்த்து, கால்களை முன்னே நீட்டி மிதிக்கும் சைக்கிள் வகை ஒன்று உண்டு. காற்றின் எதிர்ப்பு இதில் குறைவு. 1933 ஜூலை 7ஆம் நாள் பாரிஸில் பிரான்சிஸ் ஃபோர் என்பவர், ஷார்ல் மோஷே அமைத்த இத்தகைய வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் சென்றார். 1934இல் சர்வதேச சைக்கிள் சங்கம் இவ்வகையைப் பந்தயங்களினின்று விலக்கியது. எனினும் இதனை விரும்பி அமைப்போர் இன்றும் உளர். பட்டறையில் இதனை அமைப்போர்க்கு வேகத்தினும் முக்கியமானது விழாமல் செல்லுதலே.

இதில் புவியீர்ப்பு மையம் தாழ்ந்துள்ளது. தாழ்ந்தது உறுதியாக நிற்கும் என்று எண்ணுதல் இயல்பு. இரு சக்கர வண்டிக்கு அது பொருந்தாது. உள்ளங்கையில் நீண்ட கழியை நிறுத்துதல் எளிது. பென்சிலை நிறுத்துதல் அரிது. சாய்ந்து விழும் காலம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. மையம் 1.1 மீட்டரிலிருந்து 0.6 மீட்டருக்கு இறங்கினால் அக்காலம் சுமார் நான்கில் ஒரு பங்கு குறைகிறது. மேலும், சாய்ந்திருப்பவர் உடலை அசைத்துச் சமன் செய்ய இயலாது. ஆதலால் திருவனந்தபுரம் பழவங்காடி போன்ற நெரிசலான இடங்களில், மெதுவாகச் செல்லும்போது, ஹாண்டிலை விரைந்து திருப்பியே வண்டியை நிறுத்தவேண்டும்.

தலைக்குழாயின் நடுக்கோட்டை நீட்டினால் அது தரையை ஒரு புள்ளியில் தொடும். முன்சக்கரம் தரையைத் தொடுமிடம் அதற்குப் பின்னால் இருக்கும். இவ்விடைவெளியைப் பின்தங்கு தூரம் என்போம். சக்கரம் நேர்வழிக்குத் திரும்ப இது துணைபுரியும். 34 செ.மீ. ஆரமுள்ள சக்கரம், 73 பாகை சாய்வு, போர்க்கின் முன்வளைவு 4.5 செ.மீ. எனில் இத்தூரம் 5.7 செ.மீ. அதே போர்க்கில் 25 செ.மீ. ஆரமுள்ள சிறு சக்கரத்தைப் பொருத்தினால் 2.9 செ.மீ. மட்டுமே எஞ்சும், ஹாண்டில் அலையும். பழைய அளவைப் பெற முன்வளைவை சுமார் 1.9 செ.மீ. ஆகக் குறைக்கவேண்டும். மாறாகத் தலைக்குழாயை மிகவும் சாய்த்தால், மெதுவாகச் செல்லும்போது சக்கரம் தானே ஒருபுறம் மடியும்.

இத்தூரம் ஒன்றே நிலைப்பைத் தருவதன்று. சக்கரச் சுழற்சியின் விளைவும் இத்தூரமும் இன்றியே தானாக நிமிர்ந்தோடும் வண்டி அமைக்கலாம் என 2011இல் ஆய்வாளர் காட்டினர். பாரம் பரவியுள்ள முறையும் உடன் கருதத்தக்கது.

சோதனை முறை: வண்டியைச் சமதரையில் நிமிர்த்துக. தலைக்குழாய்க்கு இணையாக, அதன் நடுக்கோட்டின் நேரே, பக்கவாட்டில் நேரான கம்பி ஒன்றைத் தரைவரை பிடித்துப் புள்ளியிடுக. முன்சக்கர அச்சிலிருந்து தூக்குக்குண்டு விட்டு மற்றொரு புள்ளியிடுக. இரண்டிற்கும் இடையே அளந்தபின்னரே எவரையும் வண்டியில் ஏற்றுக. முதல் ஓட்டம் வாகனமில்லாத திடலில் நிகழ்தல் வேண்டும்.